எம்மன்புரூக்கேயில் ஒரு வேர்ஜீனியாத் துரை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும். அதனால் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேடை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு முன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு இதைவிடப் பெரிய பொது அறிவு தேவையில்லை.

ஆனால் சுவிஸில் நாங்கள் இருக்கிற எம்மன்புரூக்கேத் தமிழர் மத்தியில் நான் பகிடிக்காரன். பிறந்தநாள், பெரியவளான பிள்ளைக்குச் செய்கிற சாமத்திய வீடு, கோயில் திருவிழா எதுவென்றாலும் மைக்கை என் கையில்தான் தருவார்கள். பகிடி விடுகிறவன் பயப்பட மாட்டான் என்று சனம் நம்புகிறது. வாயை மூடினால் வயிறு பேசத் தொடங்கிவிடும் என்பதற்காகத்தான் நான் வாயைத் திறந்தே வைத்திருக்கிறேன் என்பது சனத்துக்குத் தெரியாது.

என் பகிடிக்குச் சிரிக்காத ஒரே ஆள் என் மகள். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். கன்டிக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற உயர்பள்ளிக்கு, போகத் தொடங்கிய பிறகு நான் ஏதாவது சொன்னால் ஒரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பாள். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வருவதையும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்க, ஒரு நாள் அவளே வந்து, பள்ளியில் ஒரு ஃபோர்ட்ராக் செய்ய வேண்டும், நான் பேசிப் பார்க்கிறேன், நீங்கள் இருந்து கேளுங்கள் என்றாள். வகுப்பின் முன் நின்று செய்கிற உரை அது. நான் வரவேற்பறையில் ஒற்றை ஆள் சபையாக உட்கார்ந்தேன். வயிறு அமைதியாக இருந்தது. அபூர்வமான நாள்.

அவள் எடுத்த தலைப்பு, அமெரிக்காவில் போய்க் குடியேறித் தோட்டத்துரை ஆன ஓர் ஆங்கிலேயனின் வாழ்க்கை. துறைமுகப் பட்டினம் ஒன்றில், அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்து, சொத்தில் பங்கில்லாமல் போனவன். கப்பலுக்குக் கட்டப் பணமில்லை. சில வருடம் சம்பளமில்லாமல் உழைத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு ஏறிவிட்டான். வேர்ஜீனியாவில் இறங்கியதும் காய்ச்சல். கூட வந்தவர்களில் பலர் முதல் கோடையைத் தாண்டவில்லை. இவன் தாண்டினான். புகையிலை நட்டான், கிள்ளினான், உலர்த்தினான். எசமான் செத்ததும் அவருடைய விதவையைக் கலியாணம் செய்தான். அங்கே ஒரு சட்டம் இருந்ததாம்: கடல் கடந்து ஓர் ஆளைக் கூப்பிடச் செலவு செய்தால், கூப்பிட்ட தலைக்கு இவ்வளவு என்று காணி. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆபிரிக்காவில் இருந்து வந்த கப்பலில் ஒரு பெண்ணை விலைக்கும் வாங்கினான்; அவளுடைய பேரை யாரும் எழுதி வைக்கவில்லை. காணி வளர்ந்துகொண்டே இருந்தது.

இந்த இடத்தில் நான் கை தட்டி எழும்பிவிட்டேன். "புள்ள, இவன் எங்கட ஆள்!"

"அப்பா, இன்னும் முடியல்ல. முழுக்கக் கேளுங்க."

அதற்குள் என் தொலைபேசி அடித்தது. தொழிற்சாலையில் இருந்து, வேலைநேரம் மாற்றுகிற விஷயம். நான் திரும்பி வந்தபோது அவள் உரையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "அருமை" என்றேன். எக்ஸ்ரே பார்வை.

அரைவாசி வாழ்க்கையோடு நான் மச்சானிடம் ஓடினேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். லூசேர்னில் தமிழ்க் கடை வைத்திருக்கிறார். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைவர். அவருக்கும் எனக்கும் ஊர் மட்டக்களப்புப் பக்கம். இரண்டு பேருக்கும் கூத்து என்றால் கால் தன் பாட்டில் ஆடும். இந்த முறை விழாவுக்கு அந்த ஆங்கிலேயனைக் கூத்தாகப் போடலாம் என்றேன். கதையைக் கேட்டு முடித்ததும் அவருடைய கண்கள் கலங்கிவிட்டன.

"மச்சான், இது என்ட கதையடா."

"நீங்க வேர்ஜீனியாவுக்குப் போகல்லையே மச்சான்."

"ஒண்டுமில்லாம வந்து முன்னுக்கு வந்தவன் எல்லாரும் ஒரு சாதிதான். அந்தச் சட்டம் இஞ்ச இருந்திருக்க வேணும். நான் கூப்பிட்ட தலைக்கு இப்ப லூசேர்ன் ஏரிக்கரை முழுக்க என்ட பேரில இருக்கும்."

அவர் கூப்பிட்ட தலைகளில் ஒன்று என்னுடையது. வந்த புதிதில் அவருடைய கடையின் நிலவறையில் வெங்காய மூட்டைகளோடு நான் வேலை பார்த்தேன். சாப்பாடும் படுக்கையும் தந்தார். நன்றி உண்டு. வெங்காயத்தைக் கண்டால் எனக்கு இன்றும் உரிக்காமலே கண்ணீர் வரும்.

துரையாக அவரே ஆடுவது என்று அங்கேயே முடிவாகிவிட்டது. ஆங்கிலேயன் என்றால் தொப்பி வேண்டாமா என்று கேட்டேன்.

"தொப்பியோட போனா சனம் என்னைத் தபால்காரன் எண்டு நினைக்கும். கிரீடம்தான். கரப்புடுப்பும் வேணும்."

கரப்பு என்பது கோழியைக் கவிழ்த்து மூடுகிற பிரம்புக் கூடை. கூத்தில் ராசாக்கள் இடுப்பைச் சுற்றி அதே போல ஒரு கூடு கட்டி, மேலே பட்டுத்துணி போர்த்திக்கொண்டு வருவார்கள். ஷாஃப்ஹவுசனில் ஒருவர் பழைய கூத்துப் பெட்டியொன்றை நிலவறையில் வைத்திருந்தார். அதை வாங்கி வந்தோம். வேர்ஜீனியாவின் புகையிலைத் துரைக்குக் கண்ணாடி பதித்த கிரீடம் கிடைத்தது.

பாட்டையும் வசனத்தையும் நான் எழுதினேன். கட்டியகாரன் வேடமும் எனக்குத்தான். கூத்தில் ஒருவர் ஆடுகளத்துக்குள், நாங்கள் களரி என்போம், சும்மா நுழைந்துவிட முடியாது. முதலில் கட்டியகாரன் வந்து, வருகிறவர் யார், எந்த நாடு, யாருடைய பிள்ளை என்று சபைக்கு அறிவிக்க வேண்டும். பிறகு அவர் மத்தளத்துக்கு ஆடியபடி களரியைச் சுற்றி வருவார். அதற்குப் பெயர் வரவு. ஒருவருடைய வரவு நடக்கும்போது நடுவில் நிற்கிறவர் ராசாவே என்றாலும் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். வரவு இல்லாதவர் கூத்தில் ஆளே இல்லை. பின்னால் வரைந்து வைத்த மரம் மாதிரி.

எழுதியதை மகளுக்குக் கைபேசியில் அனுப்பினேன். அவள் நடிக்கச் சம்மதித்திருந்தாள். அவளுடைய கதை என்பதால். அந்தச் சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குசினியில் நின்றபடி வாசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இதில நான் ஆர்?"

"நீ புகையிலை நடுற பொம்பிள. ஆபிரிக்காவில இருந்து வாங்கிக்கொண்டு வந்தவ. நீ சொன்ன கதையில வாறவதானே? முக்கியமான பாத்திரம்."

"நான் எப்ப வாறன்?"

"நீ வரத் தேவையில்ல புள்ள. திரை திறக்கக்குள்ளயே நிப்பாய்."

"எப்பிடி?"

"குனிஞ்சு."

அவள் கைபேசியை மேசையில் வைத்தாள். "துரைக்கு எத்தினை வரவு?"

"மூண்டு. ஏழையா வந்து இறங்குறது, மாப்பிள்ளையா வாறது, கடைசியில துரையா வாறது."

"நீங்க அண்டைக்கு மிச்சத்தைக் கேக்கல்ல என்ன?" என்றாள். பிறகு மிச்சத்தை நின்ற நிலையிலேயே சொன்னாள். புகையிலை மண்ணைத் தின்றுவிடும், அதனால் அவன் ஆற்றின் மேல்பக்கம் புதுக் காணி தேடிப் போனான், அங்கே முன்பே இருந்த சனத்தைத் துரத்தினான். கூப்பிட்டு வந்த வெள்ளையர்கள் தவணை முடிந்ததும் போய்விடுகிறார்கள் என்று, போகவே முடியாத மனிதர்களை வாங்கினான். கடைசியில் சட்டசபையில் உட்கார்ந்து, ஓடுகிற வேலையாட்களுக்குத் தண்டனைச் சட்டம் போட்டான். தானும் ஒருகாலம் அப்படி ஓட நினைத்தவன்.

"மாமா தன்னை அவன் எண்டு நினைக்கிறார். நினைக்கட்டும். ஆனா இந்தப் பொம்பிளையும் கப்பலில இருந்து இறங்கித்தானே வந்தவ? அவவும் வந்த ஆள்தானே? அவவுக்கு ஒரு வரவு வையுங்க. இல்லாட்டி நான் வரல்ல. இதுக்கு மட்டுமில்ல அப்பா. இனி ஒண்டுக்கும் வர மாட்டன்."

கத்திச் சொல்லியிருந்தால் ஒரு பகிடி விட்டு ஆளைக் குளிரப்பண்ணியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள். வயிற்றுக்குள் முதல் மணி அடித்தது.

"ஓம் புள்ள. கட்டாயம் வைப்பம்" என்றேன்.

அடுத்த நாள் கடைக்குப் போய் மச்சானிடம் மெல்ல எடுத்தேன். அவர் முருங்கைக்காய்ப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

"வரவா? அவ என்ன ராணியா? பேரென்ன?"

"பேர் ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"பேரில்லாத ஆளுக்கு என்னெண்டு கட்டியம் சொல்லுவாய்? ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் குடுக்க வேணும். என்ட மூண்டு வரவுக்கே நேரம் காணாது. உன்ட மகளுக்கு வேணுமெண்டா முடிவில பூச்செண்டு குடுப்பம்."

"ஓம் மச்சான். அதுவும் சரிதான்" என்றேன்.

இப்போது என்னிடம் இரண்டு ஓம் இருந்தன. இரண்டும் ஒரே மேடையில் சந்திக்கப் போகின்றன. நான் பல வழிகளை யோசித்தேன். காலை முறித்துக்கொள்ளலாம், ஆனால் நோகும். விழா நாளில் பனி கொட்டி வீதி மூடலாம், ஆனால் அது ஆனி மாதம். யாருக்கும் தெரியாத அளவுக்குச் சின்னதாக, கண் சிமிட்டுகிற நேரத்தில் முடிந்துவிடுகிற ஒரு வரவை எழுதலாம். மகள் வந்தது என்று நினைப்பாள், மச்சான் வரவில்லை என்று நினைப்பார். தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நின்று இந்த மூன்றாவது வழியை நான் உண்மையாகவே பரிசீலித்தேன்.

ஒத்திகையில் அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் "தேத்தண்ணி!" என்று கத்திவிடுவேன். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். மகள் மட்டும் நின்ற இடத்தில் நின்று என்னைப் பார்ப்பாள். "அது விழாவண்டைக்கு வரும் புள்ள, அப்பா பாத்துக்கொள்ளுவன்" என்பேன். மச்சான் பின்னால் இருந்து "என்னடா வரும்?" என்பார். "கூட்டம் மச்சான், கூட்டம்" என்பேன்.

விழா ஒரு சனிக்கிழமை பின்னேரம், பள்ளி ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் உடுப்பு மாற்றக் கொடுத்த அறை மண்டபத்துக்குக் கீழே இருந்த பதுங்குகுழி. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்துக்குக் கீழேயும் குண்டுக்கு ஒளிக்க இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்த நாட்டில் இருந்து வந்த நாங்கள், குண்டு விழாத நாட்டின் பதுங்குகுழிக்குள் பவுடர் பூசிக்கொண்டிருந்தோம். ஒரே கழிப்பறை அந்தப் பதுங்குகுழியின் உள் மூலையில் என்பதை நான் காலையிலேயே குறித்துக்கொண்டேன். மனம் சற்று ஆறியது.

கொங்கிரீட் கதவு குளிர்பெட்டி அளவு தடிப்பு. வாசல் ஒடுக்கம். மச்சான் கிரீடமும் கரப்புடுப்புமாகப் புறப்பட்டு அந்த வாசலில் இறுகிவிட்டார்.

"தள்ளுடா!"

"நான் உள்ளுக்க நிக்கிறன் மச்சான். வெளியில நிக்கிறவன் இழுக்க வேணும்."

வெளியில் நின்றவர் எங்கள் மத்தளக்காரர். இன்டர்லாக்கனில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை. விடுமுறை எடுத்து ரயிலில் மத்தளத்தோடு வந்திருந்தார். அவர் இழுக்காமல் நின்று பார்த்தார். "குண்டுக்குப் பாதுகாப்பான கதவுதான். துரையே ஏலாம நிக்கிறார்."

பக்கவாட்டில் சரித்து ஒருமாதிரி வெளியே எடுத்தோம். பிரம்பில் ஒன்று முறிந்தது. அவருக்குப் பின்னால் நானும் வெளியே வந்தேன். பிறகு மச்சான் வாசலுக்கு முன்னால், படிக்கட்டின் அடியில், கதிரையில்லாமல் நின்றபடி காத்திருந்தார். உட்காரவும் முடியாது, திரும்ப உள்ளே போகவும் முடியாது. அவரைச் சுற்றிக்கொண்டு யாரும் கழிப்பறைக்குப் போகவும் முடியாது. இது எனக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. உறைத்தபோது இரண்டாவது மணி அடித்தது.

பள்ளியைப் பார்த்துக்கொள்கிற அப்வார்ட் வந்தார். வெளிச் சப்பாத்து உள்ளே கூடாது, சலங்கை தரையைக் கீறக்கூடாது என்று நினைவூட்டினார். அதனால் துரை உட்பட எல்லாருக்கும் காலில் வெள்ளைச் சப்பாத்து. அவர் மச்சானைக் காட்டி, இது எந்தக் கடவுள் என்று மரியாதையாகக் கேட்டார். கடவுள் இல்லை, அமெரிக்காவில் புகையிலை நட்ட ஆங்கிலேயன் என்று நான் ஜெர்மனில் விளக்கினேன். அவர் கிரீடத்தைப் பார்த்தார், கண்ணாடிகளைப் பார்த்தார், கரப்பைப் பார்த்தார். "ஆ, ஸோ" என்றார்.

மகள் பருத்திச் சேலையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா, என்ட வரவு எங்க வருது?"

"வரும்" என்றேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

கூத்துப் பிந்தித்தான் தொடங்கியது. பிந்தாமல் தொடங்கினால் சனம் வேறு மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று பயந்துவிடும். நான் துள்ளிக் குதித்து வந்து கட்டியம் சொன்னேன். மச்சான் ஏழையாகக் கிரீடத்தோடு வந்தார். கைதட்டல். மாப்பிள்ளையாக வந்தார். விசில். கட்டியகாரனுக்கு யாரையும் பகிடி பண்ண அனுமதி உண்டு என்பதால் நான் அவருடைய வெங்காய விலையையும் இழுத்துப் போட்டேன். மண்டபம் குலுங்கியது. பின்னால் மகளும் மூன்று பிள்ளைகளும் குனிந்து, இல்லாத மண்ணில் இல்லாத கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரவைத் துரை நீட்டினார். தனக்கே பிடித்துப்போய்த் திரும்பவும் ஒரு சுற்று ஆடினார். பிறகு நடுவில் நின்று, மங்களம் பாடி முடி என்று எனக்குக் கண்ணால் காட்டினார். சுவர் மணிக்கூடும் அதையேதான் சொன்னது.

அப்போது மகள் நிமிர்ந்தாள். நடிப்பு இல்லை. முதுகு நோகிறவள் நிமிர்கிற மாதிரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள். பிறகு பக்கக் கதவைப் பார்த்தாள். அதற்கு மேலே அவசர வழியைக் காட்டுகிற பச்சை விளக்கில் ஒரு மனிதன் வெளியே ஓடிக்கொண்டிருந்தான். அவள் ஓடமாட்டாள், நடந்துதான் போவாள். போனால் திரும்பி வரமாட்டாள்.

நான் முன்னால் வந்து வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக ஓயாத வாய். கட்டியம் சொல்லப் பேர் வேண்டும், நாடு வேண்டும், தகப்பன் பேர் வேண்டும். ஒன்றும் இல்லை. இதையும் பகிடி என்று நினைத்துச் சனம் சிரித்தது. நான் திறந்த வாயோடு நின்றேன். இன்னும் சிரித்தது. சொல்லத் தெரியாதவன் கடைசியில் கேட்டேன். குரல் எனக்கே பிடிபடவில்லை.

"ஆர் வாறது?"

சிரிப்பு நின்றது. மகள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"பேர் ஒண்டு இருந்தது. இஞ்ச ஒருத்தரும் கேக்கல்ல."

"எந்த நாடு?"

"கடலுக்கு அங்கால."

"ஆருடைய பிள்ளை?"

இதற்கு அவளும் தயாராக இருக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "அம்மா ஒராள் இருந்தவ" என்றாள்.

முன்வரிசையில் பொரித்த ரோல்ஸ் தட்டு தின்னக் கைமாறிக்கொண்டிருந்தது. அது பாதியில் நின்றது.

அவள் காலை எடுத்து வைத்தாள். மத்தளக்காரருக்கு நாடகமும் தெரியாது, வரலாறும் தெரியாது, எங்கள் இரண்டு ஓமும் தெரியாது. கால் விழுந்தால் அடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். அடித்தார். துரைக்கு அடித்த அதே அடி. என் மகளுக்கு ஆட வராது. சின்னதில் பரதம் பழகி, பிறகு அதை விட்டுவிட்டு ஹாண்ட்பால் என்கிற கைப்பந்துக்குப் போனவள். சப்பாத்து ரப்பர் தரையில் கிறீச் கிறீச் என்று கத்த, பந்தோடு கோலை நோக்கிப் போகிறவள் போலக் களரியைச் சுற்றினாள். நடுவில் மச்சான் நின்றார். ஒரு சுற்று. அவர் அசையவில்லை. என்னை முறைத்தார். இரண்டாவது சுற்றில் அவள் வட்டத்தைச் சுருக்கி அவரை நோக்கி வந்தாள். மத்தளம் ஏறியது.

மச்சான் கடைக்காரர், தலைவர், துரை எல்லாம்தான். ஆனால் அதற்கெல்லாம் முதல் கூத்துக்காரர். வரவு நடக்கும்போது நடுவில் நிற்க அவருடைய கால் விடவில்லை. பின்னால் பின்னால் போனார். கரப்பு ஆட, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போய் ஒதுங்கினார். கிரீடத்தின் நுனி வலையில் தொட்டது. அங்கே நின்றபடி அவருடைய வலது சப்பாத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

ஆறு மணிக்கு அப்வார்ட் திறப்புக்கொத்தோடு கதவைத் திறந்தார். பார்த்தார். கதவைத் திரும்பச் சாத்திக்கொண்டு உட்பக்கமே நின்றார். மங்களம் பாடவில்லை. பூச்செண்டையும் மறந்துவிட்டோம்.

படிக்கட்டின் அடியில் நான் மச்சானின் கரப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ட மங்களத்தை உன்ட மகள் விழுங்கிட்டாள்."

"நீங்கதானே ஒதுங்கினீங்க மச்சான்."

"வரவு நடக்கக்குள்ள நடுவில நிக்க எனக்கென்ன விசரா?" வியர்வையைத் துடைத்தார். "காலும் சரியில்ல அவளுக்கு. தாளத்துக்கு முன்னால ஓடுறாள். ஓய்... நீ வந்து இறங்கின அண்டைக்கு ஆரும் உன்னட்ட ஒண்டும் கேக்கல்லையா?"

"நீங்க கேட்டீங்களே."

"என்ன கேட்டனான்?"

"வெங்காய மூட்டை தூக்க ஏலுமா எண்டு."

அவர் சிரிக்கத் தொடங்கினார். முறிந்த பிரம்பு அவருடைய விலாவில் குத்தியது. சிரிப்பையும் விடவில்லை, என்னைத் திட்டுவதையும் விடவில்லை.

அதற்குள் அப்வார்ட் பதுங்குகுழியைப் பூட்டிவிட்டார். கழிப்பறை உள்ளே.

வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நான் காரில் ஒரு பகிடியும் விடவில்லை. விடுகிற நிலையில் இல்லை. மகள் பக்கத்தில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபமா சந்தோசமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்கிற நிலையிலும் இல்லை. எங்கள் கட்டடத்தில் கூத்துப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினேன். அவள் திறப்போடு முன்னால் ஓடினாள். கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு, வாசலில் குறுக்கே நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"ஆர் வாறது?"

"புள்ள, விளையாடாத. அவசரம்."

"எந்த நாடு?"

"அப்பாட வயிறு..."

"வயிறெண்டு ஒரு நாடு இல்லையே. ஆருடைய பிள்ளை?"

நான் திரும்பவும் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் தன் வாயை அதே அளவுக்குத் திறந்து, கண்ணை உருட்டி, மேடையில் நான் நின்றது போல நின்று காட்டினாள். பிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த அதே விழுந்து விழுந்து சிரிக்கிற சிரிப்பு. பெட்டியைத் தலையில் வைத்தபடி நான் படிக்கட்டில் ஒரு காலை மாற்றி மறு காலை வைத்துத் துள்ளிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "கூட்டன் ஆபென்ட்" என்று மாலை வணக்கம் சொன்னார்.

"நல்லா ஆடுறீங்க அப்பா. தாளமும் பிழைக்கல்ல" என்றாள் மகள்.

ஒருவருடைய வரவு நடக்கிறது என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறதல்லவா. அவள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள்.